ஏழாம் திருவிழா எங்களுடையது, எவ்வளவு செய்தால் போதும்?

கேள்வி: தையல்காரி (வலிகாமம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கோவிலில் பன்னிரண்டு நாள் திருவிழா. அதில் ஏழாம் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம், அன்றைய செலவும் பொறுப்பும் எங்களுடையது. அப்பாவின் தகப்பனார் காலத்தில் தொடங்கியது. அப்பா இருக்கும்வரை அவர் செய்தார். இப்போது ஊரில் இருப்பது நான் மட்டும். அண்ணா ரொறன்ரோவில், தங்கச்சி சுவிஸில். காசு அவர்கள் அனுப்புவார்கள், ஓட்டம் என்னுடையது. அதில் இதுவரை ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை.

இந்த வருடம் அண்ணா வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். சந்தியிலிருந்து கோவில் வாசல்வரை எல்.ஈ.டி. வளைவு. இந்தியாவிலிருந்து நாதஸ்வரக் கோஷ்டி. ட்ரோன் வைத்து வீடியோ, பேஸ்புக்கில் நேரலை. வருகிற எல்லோருக்கும் மூடியில் எங்கள் குடும்பப் பெயர் பொறித்த சில்வர் டப்பா. காரணம் கேட்டேன். போன வருடம் ஆறாம் திருவிழாக்காரர் இப்படித்தான் செய்தார்களாம். அந்த வீடியோ அங்கே எல்லோருடைய கையிலும் சுற்றியதாம். "உங்கட திருவிழா எப்பிடி?" என்று கேட்டவர்களுக்குக் காட்ட அண்ணாவிடம் ஒன்றும் இருக்கவில்லையாம்.

அந்தப் பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருந்தது. "விளக்குக்கு எண்ணெய், மலிவானது போதும்." கடைக்குப் போய்ப் பார்த்தேன். அந்த மலிவு எண்ணெய்ப் போத்தலில் சின்ன எழுத்தில் "விளக்கேற்ற மட்டும், சமையலுக்கு உகந்ததல்ல" என்று போட்டிருந்தது. அப்பா இருந்தபோது செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்தான். அதே எண்ணெயில்தான் அன்று வீட்டிலும் சமையல் நடக்கும். வீதியில் எரிகிற பல்புக்கு இத்தனை காசு ஒதுக்கிவிட்டு, அம்மாளுக்கு முன்னால் எரிகிற திரிக்கு மனிதர் வாயில் வைக்கக் கூடாத எண்ணெயா? அந்த இடத்தில்தான் எனக்கு மனம் விட்டுப்போனது.

கோவிலும் கடைத்தெருவும் ஒன்றையொன்று தொடவே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனியில் தொடங்கினால் ஆவணி முடியும்வரை என் மெஷின் நிற்காது. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு சட்டை, தேருக்கு ஒன்று, பூங்காவனத்துக்கு ஒன்று என்று தைக்கக் கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே நிறத்தில் சாறி எடுத்துக் கூட்டமாக வருவார்கள். பிள்ளைகளின் ரியூஷன் காசை அந்த உழைப்பில்தான் கட்டுகிறேன். கோவிலுக்குப் புதிசு உடுத்திப் போவது சந்தோஷம். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

என்னைப் போட்டு வாட்டுவது எட்டாம் திருவிழா. அது ஒரு வெங்காயத் தோட்டக்காரக் குடும்பத்தின் உபயம். வாழைக்குலை அவர்கள் தோட்டத்தது. குருத்தோலைத் தோரணம் அவர்கள் கையால் பின்னியது. இரவுப் பூசை முடிந்ததும் அந்த வீட்டு ஐயா வசந்த மண்டபத்தில் உட்கார்ந்து கந்தபுராணம் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார், அதாவது பாட்டின் பொருளை விரித்துச் சொல்வார். சின்ன வயதில் அம்மாவின் மடியில் படுத்தபடி சூரபன்மன் கதையை அங்கேதான் கேட்டேன். போன திருவிழா முடிந்த கையோடு அவர் நிர்வாகத்திடம் வந்து, இனி ஏலாது என்று உபயத்தைக் கொடுத்துவிட்டார். வழியில் கண்டு கேட்டேன். "பிள்ளை, ஆறாம் நாள் பகல் மாதிரி வெளிச்சம், எட்டாம் நாள் இருட்டு. சனம் ஒரு கரையில நிண்டு பாத்திட்டுப் போகுது. பேரப்பிள்ளையள் வெக்கப்படுதுகள்" என்றார். நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யாத வருடத்திலேயே அவருக்கு அப்படி. இனி எல்.ஈ.டி. வளைவும் வந்தால்? அவருடைய திருவிழாவை இப்போது லண்டனில் இருக்கும் ஒருவர் எடுத்திருக்கிறார்.

என் கேள்வி இரண்டு. ஒரு திருவிழா உபயத்துக்கு உண்மையில் எவைதான் கட்டாயம்? அண்ணாவின் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

பதில் 1: நல்லூரடி (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

தங்கச்சி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முதலாவதுக்கு இருக்கிறது. குருக்களிடம் போய் இப்படிக் கேளுங்கள்: "ஐயா, எங்கள் திருவிழா குறைவில்லாமல் நடக்க என்னென்ன வேண்டும்?" அபிஷேகத் திரவியங்கள், பூ, சாத்துப்படி, நைவேத்தியம், மேளம், தட்சணை, வசதிக்கு ஏற்ற அன்னதானம் என்று சொல்வார். அதை எழுதி வாங்குங்கள். அண்ணா அனுப்பிய பட்டியலில் எவையெல்லாம் அந்தத் தாளில் இல்லை என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

போட்டி புதிது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அறுபதுகளில் நான் இளந்தாரி. யாருடைய திருவிழாவுக்கு எத்தனை கூட்டம் மேளம் என்பதுதான் அப்போது ஊரில் கதை. தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாசிக்கிறார் என்றால் அடுத்த ஊர்ச் சனமும் சைக்கிளில் வந்து விடியவிடிய இருக்கும். சின்னமேளம் என்ற சதிராட்டக் கோஷ்டியைப் பிடிப்பதற்காகக் காணி ஈடு வைத்தவர்களும் இருந்தார்கள். அதற்கும் முன்னே, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, ஆறுமுக நாவலர் கோவில்களில் நடந்த கேளிக்கைகளைக் கண்டித்து எழுதினார், பேசினார். அவர் பேச்சை எல்லோரும் கேட்டுவிடவில்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் போட்டியில் செலவழிந்த காசு இணுவிலிலும் அளவெட்டியிலும் கலைஞர்களின் வீடுகளுக்குப் போனது. அவர்கள் சீடர்களை வளர்த்தார்கள். இன்றைக்கும் நாங்கள் கேட்கிற தவிலும் நாதஸ்வரமும் அங்கிருந்து வந்தவை. வாடகை வளைவு மறுநாள் விடிய லொறியில் ஏறிப் போய்விடுகிறது. காசு செலவழிப்பதே பிழை என்று நான் சொல்லமாட்டேன். செலவழிந்த பிறகு ஊரில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்பேன். ஆகவே மேளத்துக்கு அண்ணா காசு தரட்டும், நம் ஊர்க் கலைஞர்களைக் கூப்பிடுங்கள்.

பழைய காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவும் நான் வரவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில், எங்களையும் உள்ளே விடுங்கள் என்று மக்கள் போராட வேண்டியிருந்தது. அப்போது வாசலை மறித்தது சாதி. எட்டாம் திருவிழாக்காரர் விலகிய கதையைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அவரை யாரும் மறிக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஆனால் அவர் வெளியே நிற்கிறார்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தை உங்கள் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரமே இல்லை. வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள். அப்போதும் கோவில்களில் கொடி ஏறியது. இருட்டுவதற்குள் சுவாமியை வீதி சுற்றி உள்ளே எடுத்துவிடுவோம். சாத்துப்படிக்குச் செவ்வரத்தையும் அலரியும் நித்தியகல்யாணியும் வீட்டு வேலிகளிலிருந்து வரும். யார் எந்த வீட்டுப் பூவைக் கொண்டுவந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருடங்களில் அம்மாளுக்குத் திருவிழா குறைந்துபோனது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்று. நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா, இலட்சக்கணக்கில் சனம். அங்கே அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். 2022இல் விலைவாசி எங்களை என்ன பாடு படுத்தியது! அந்த வருடமும் அது ஒரு ரூபாய்தான். வெளிவீதியைத் தாண்டினால் ஐஸ்கிரீமிலிருந்து தளபாடம்வரை விற்கிறார்கள், வாங்குகிறவர் வாங்கட்டும். உள்ளே போனால் கனடாக்காரருக்கும் கச்சான் (நிலக்கடலை) விற்கிறவருக்கும் ஒரே சீட்டு. எங்கள் சின்னக் கோவில்களின் நிர்வாகங்கள் அதைப் பார்த்தாவது பழக வேண்டும் என்பது என் ஆசை.

பதில் 2: கச்சான்கடை

நல்லூர் ஐயா கச்சானைச் சொன்னபடியால் நானும் எழுதுகிறேன். எங்களுக்கு இதுதான் தொழில். நல்லூர், சந்நிதி, வல்லிபுரம் என்று கொடியேறும் இடமெல்லாம் கடை போடுவோம். அம்மாவும் இதே தொழில்தான். திருவிழாவுக்கு வந்த சனம் கச்சான் வாங்காமல் வீட்டுக்குப் போகாது. சின்னப் பிள்ளைக்கு அந்தச் சரையும் ஒரு தும்புமிட்டாயும் காப்புக்கடைக் காப்பும் சேர்ந்ததுதான் கோவில். ஆகவே கோவிலடியில் வியாபாரமே கூடாது என்று யாராவது தொடங்கினால் எனக்குக் கோபம் வரும். தையல்கார அக்கா அப்படி எழுதவில்லை, சந்தோஷம்.

ஆனால் எங்கள் பக்கத்திலும் நிலைமை மாறிவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்தேன். முந்தி தண்ணீர்ப் பந்தல் என்றால் ஊர்ச் சனம் போடுவது. மோரில் பச்சைமிளகாயும் வெங்காயமும் வெட்டிப் போட்டுக் கிடாரத்தில் வைத்திருப்பார்கள். ஒரு சத்தமும் இல்லாமல் வயதானவர்கள் நின்று குடித்துவிட்டுப் போவார்கள். போன வருடம் ஒரு திருவிழாவில் எங்கள் கடைக்கு எதிரே ஒரு பெரிய கொம்பனி பந்தல் போட்டது. குடிபானம் இலவசம். ஆனால் வாங்குவதற்கு முதல் ரெலிபோன் நம்பர் எழுதிக் கொடுக்க வேண்டும். கற்பூரச்சட்டி எடுத்து முடித்த ஒரு அம்மா, கை சுட்டபடி, தண்ணீர் கேட்டு அங்கே போனார். நம்பர் கேட்டிருக்கிறார்கள். அவரிடம் போனே இல்லை. திரும்பி எங்கள் கடைக்கு வந்தார், எங்கள் போத்தல் தண்ணீரைக் கொடுத்தோம். அவர் போன பிறகும் எனக்கு ஆறவில்லை.

விற்கிறவன் விற்கிறேன் என்று சொல்லி விற்றால் அது தொழில். தர்மம் என்று பெயர் போட்டுக்கொண்டு விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அக்கா, அந்த சில்வர் டப்பாவை யோசித்துச் செய்யுங்கள். பிரசாதத்தை வாழையிலையில் கொடுத்தாலும் சனம் கையேந்தி வாங்கும்.

பதில் 3: ஸ்காபரோவிலிருந்து

நான் உங்கள் அண்ணாவின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

இங்கே நாங்கள் கும்பிடுகிற கோவில்களில் பல, தொழிற்சாலைக் கட்டடத் தொகுதிகளுக்குள்ளே தொடங்கியவை. ஒரு பக்கம் கார் திருத்துமிடம், மறுபக்கம் மரத்தளபாடக் களஞ்சியம், நடுவில் பிள்ளையார். கட்டடத்துக்கு வாடகை, பனியில் சூடாக்கக் காசு, ஐயருக்குச் சம்பளம். ஆகவே வாசலிலேயே விலைப்பட்டியல் இருக்கும். அர்ச்சனைக்கு இவ்வளவு, அபிஷேகத்துக்கு இவ்வளவு, திருவிழா உபயத்துக்கு இவ்வளவு. எங்களுக்கு அது பழகிவிட்டது. வேலைக்கு லீவு எடுக்க முடியாத ஒருவர் காசைக் கட்டிவிட்டுப் போகிறார். அதுதான் அவரால் செய்யக்கூடிய தொண்டு. வேறு வழியில் எப்படிச் செய்வது என்பதே பலருக்கு மறந்துபோய்விட்டது.

உங்கள் அண்ணாவுக்கு வடம் பிடிக்க முடியாது. வாழை வெட்ட முடியாது. அபிஷேகத்துக்குத் தண்ணீர் அள்ள முடியாது. அப்பா செய்ததை அப்பாவின் மகன் செய்கிறான் என்று காட்ட அவர் கையில் இருப்பது காசு மட்டும். அந்தக் காசு எதுவாக மாறியது என்று கண்ணால் பார்க்க ஆசை. எல்.ஈ.டி. வளைவு வீடியோவில் தெரியும், நல்லெண்ணெய் தெரியாது. என் ஊகம், அவருடைய பட்டியல் வந்தது அங்கிருந்துதான். பெருமைக்காக மட்டும் என்று எடுத்துவிடாதீர்கள்.

அதனால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். அபிஷேகம் நடக்கும்போது நீங்களே வட்ஸ்அப்பில் அழைத்துக் காட்டுங்கள். சங்கற்பத்தில் அவருடைய பெயர் நட்சத்திரத்தைக் குருக்கள் சொல்லும்போது அவர் காதில் விழட்டும். போன வருடம் என் தங்கை எனக்கு அப்படிக் காட்டினாள். சத்தம் விட்டுவிட்டு வந்தது, படம் ஆடியது. இங்கே விடியப்புறம். வேலைக்குப் போகும் உடுப்போடு சமையலறையில் நின்று கும்பிட்டேன். ஆயிரம் பேர் பார்த்த ட்ரோன் வீடியோவை நானும் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியதில்லை.

பதில் 4: குருநகர்

நாங்கள் கத்தோலிக்கர், ஆனால் இந்தக் கதை எங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. யூன் 13 பாஷையூர் அந்தோனியார் பெருநாள் வந்தால் இந்தக் கரை முழுக்கக் கொண்டாட்டம்தான். அதை விடுங்கள், எனக்குத் தெரிந்த ஒரு சின்னப் பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். பெருநாளுக்கு முந்திய நவநாள் செபங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வட்டாரத்துக்கு. கடற்றொழில் கைகொடுத்த வட்டாரம் வெடியும் லைற்றுமாக அமர்க்களப்படுத்தும். தொழில் படுத்த வட்டாரத்துக்காரர் கடன்பட்டார்கள். வட்டிக்கு எடுத்த காசில் பெருநாள் செய்து, அந்த வட்டியைக் கட்ட வலையை விற்றவர்களும் உண்டு.

கடைசியில் பெண்கள்தான் பங்குத்தந்தையிடம் போய்ப் பேசினார்கள். இப்போது சோடனை எல்லா நாளுக்கும் ஒன்று, பொதுக்காசில். ஒரு வட்டாரம் தனக்கென்று செய்ய விரும்பினால் பாட்டிலும் செபத்திலும் செய்யலாம். முதல் வருடம் முணுமுணுப்பு இருந்தது. இப்போது பாடல் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். நீங்கள் தனியே அண்ணாவோடு மல்லுக்கட்டுவதைவிட நிர்வாகத்தில் பேசிப் பாருங்கள் அக்கா. ஒரு வீடு குறைத்தால் அந்த வீட்டுக்குத்தான் பெயர் கெடும். எல்லோருக்கும் ஒரே அளவு என்றால் யாருக்கும் பிரச்சினை இல்லை.

தையல்காரி:

எல்லோருக்கும் நன்றி. இரவு மெஷினை மூடிவிட்டு இருந்து எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன்.

குருக்களிடம் போனேன். நல்லூர் ஐயா சொன்ன மாதிரியே எழுதித் தந்தார், ஒரு பக்கம்கூட வரவில்லை. எண்ணெய் எந்த எண்ணெய் என்று கேட்டேன். "நல்லெண்ணெய், இல்லாவிட்டால் தேங்காயெண்ணெய். நீங்கள் சாப்பிடுகிறதையே கொண்டு வாங்கோ" என்றார். அந்தத் தாளைப் படமெடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன். கூடவே ஸ்காபரோ அண்ணை எழுதியதையும் அனுப்பினேன். அண்ணா உடனே ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் தொலைபேசியில் எடுத்து, சங்கற்பம் எத்தனை மணிக்கு, அப்போது ரொறன்ரோவில் என்ன நேரம் என்று கேட்டார். வளைவு வேண்டாம் என்று அவர் வாயால் வரவில்லை. ட்ரோனை விட்டுவிட்டார். மேளம் உள்ளூரில் பிடிக்கச் சம்மதம். டப்பாவில் தங்கச்சிதான் பிடிவாதமாக நிற்கிறாள். ஏற்கெனவே ஓடர் கொடுத்துவிட்டாளாம். பெயர் பொறிக்காமல் வாங்கி, திருவிழா அன்று கொடுக்காமல், ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டியாகக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறேன்.

குருநகர் தம்பி சொன்ன பொது அளவை நிர்வாகக் கூட்டத்தில் எடுக்கப் போகிறேன். பெண்கள் அங்கே பேசுவது எங்கள் கோவிலில் வழக்கமில்லை. ஒன்பதாம் திருவிழாக்கார மாமி தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறா. வளைவுக்கென்று அண்ணா ஒதுக்கிய காசைப் பன்னிரண்டு நாளுக்கும் பொதுச் சோடனைக்குத் தரச் சொல்லிக் கேட்டால், அவருக்கும் மனம் ஆறும், மற்ற உபயகாரருக்கும் பாரம் குறையும் என்று நினைக்கிறேன்.

எட்டாம் திருவிழா ஐயாவிடமும் போய் வந்தேன். உபயத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை, அது லண்டன்காரர் கைக்குப் போய்விட்டது. ஏழாம் நாள் இரவு, எங்கள் திருவிழாவில், கந்தபுராணம் படிக்க வருவாரா என்று கேட்டேன். தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். படிக்கலாம், ஆனால் பயன் சொல்ல ஆள் வேண்டும் என்றார். அவரோடு முன்பு பயன் சொன்னவர் இறந்துவிட்டார். இணுவில், கொக்குவில், கோண்டாவில் பக்கத்தில் பயன் சொல்லத் தெரிந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இங்கே எழுதுங்கள். வயது போனவர் என்றால் ஓட்டோவில் கூட்டிவந்து கூட்டிக்கொண்டு போய் விடுவது என் பொறுப்பு. சூரபன்மன் வதைப் படலம் படிக்க ஆசை என்று ஐயா சொன்னார்.